கானகத்துக் கற்களும் நம் படிப்பினையும்

ஸமூது கூட்டத்தாரின் வரலாற்றை மாணவர்களுக்கு நாம் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுது. மலைகளைக் குடைந்து மாளிகைகள் அமைத்துக்கொண்ட அந்தக் கூட்டம், தம்மிடம் அனுப்பப்பட்ட ஸாலிஹ் (அலை) அவர்களைப் பொய்யாக்கியதையும், அத்தாட்சியாக வந்த ஒட்டகத்தை அறுத்ததையும், ஒரே ஒரு பேரோசையில் தம் வீடுகளிலேயே மாண்டு கிடந்ததையும் விளக்கி முடித்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்து, தன் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினான். அடர்ந்த காட்டின் நடுவே, பாசி படர்ந்து, ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு கல் நின்றிருந்தது. அதில் தலைக்கட்டும் அணிகலன்களும் தரித்த ஒரு மனித உருவம். பக்கங்களிலெல்லாம் நமக்குப் புரியாத எழுத்துகள்.

“ஹஜ்ரத், இவர்களுக்கு எந்த நபி வந்தார்கள்?” என்று அவன் கேட்டான்.

“சிலைகளை வணங்கினார்கள், அல்லாஹ் அழித்துவிட்டான். நீ கிதாபைப் பார்!” என்று நாம் சொன்னோம். சிறுவன் தலையைக் குனிந்துகொண்டான். பாடம் தொடர்ந்தது.

பாடம் முடிந்த பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. நாம் சொன்ன விடையில் இரண்டு செய்திகள் இருந்தன. அந்தக் கல் வணங்கப்பட்ட ஒரு சிலை என்பது ஒன்று; அதைச் செதுக்கியவர்கள் இறைவனின் சினத்துக்கு ஆளாகி அழிந்தார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதை நாம் அறிந்து சொன்னோம்? எதையும் இல்லை! அறியாததை அறிந்ததுபோலச் சொல்வது சந்தையில் ஒரு குற்றம் என்றால், ஓதிக்கொடுக்கும் இடத்தில் அது பன்மடங்கு குற்றமன்றோ? ஆகவே அந்தக் கற்களைப் பற்றித் தேடிப் படிக்கலானோம். படித்ததையும், அதனால் நாம் எய்திய தெளிவையும் வாசகப் பெருமக்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் படம் மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டின் கோப்பான் என்னும் இடத்தைச் சேர்ந்தது. தென் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளில் பரந்து வாழ்ந்த மாயா என்னும் மக்கள், கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு முடியத் தம் நகரங்களின் முற்றங்களில் இத்தகைய நெடுங்கற்களை நாள் குறித்து நாட்டிவந்தனர். பல நகரங்களில் அவை சுண்ணாம்புக் கற்கள். கோப்பானில் கிடைத்ததோ எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான ஒருவகைக் கல். உளிக்கு எளிதில் இணங்கும் கல் அது. அதனால் அங்குள்ள உருவங்கள், கல்லை விட்டு வெளியே வந்து நிற்பவைபோல் திரட்சியாகக் காட்சி தருகின்றன.

இந்நகரை வெளியுலகம் நன்கறியக் காரணமானவர்கள் இருவர். ஒருவர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். மற்றவர் பிரடெரிக் கேதர்வுட் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், கைதேர்ந்த ஓவியர். 1839ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கோவேறு கழுதைகளின்மேல் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தனர். ஆற்றைக் கடந்து, புதரை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களுக்கு முதலில் ஒரு மதில் தென்பட்டது. பிறகு ஒரு கல், அப்பால் இன்னொரு கல், அப்பால் மற்றொன்று. சில நேராக நின்றன. சில சாய்ந்தும், சில மண்ணில் பாதி புதைந்தும் கிடந்தன. பெருமரங்களின் வேர்கள் சிலவற்றைத் தழுவிக்கொண்டிருந்தன. மரங்களின் உச்சியில் குரங்குக் கூட்டங்கள் தாவிச் சென்றன. இவற்றைச் செய்தவர்கள் யார் என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டபோது, யாருக்கும் தெரியாது என்ற விடையே கிடைத்தது.

கேதர்வுட் சேற்றில் நின்றுகொண்டு, கொசுக்கடிக்கு அஞ்சிக் கையுறை அணிந்தபடி படம் வரையத் தொடங்கினார். எகிப்தையும் சிரியாவையும் சுற்றி எண்ணற்ற பழங்கட்டடங்களை வரைந்து பழகிய அந்தக் கை இங்கே தடுமாறியது. அவர் அதுவரை கண்ட எந்தக் கலையோடும் இது ஒட்டவில்லை. வரைந்த தாள்கள் ஒவ்வொன்றாகக் காலடியில் விழுந்தன. கண்ணுக்குப் பழகாததைக் கை எழுத மறுத்தது. அவர் அவசரப்படவில்லை; மரங்களை வெட்டி வெளிச்சம் வரச் செய்து, மீண்டும் மீண்டும் உற்றுப் பார்த்து, ஒருவாறு உள்ளபடியே வரைந்து முடித்தார். ஸ்டீபன்ஸ் அந்த இடிபாடுகள் கிடந்த நிலத்தையே 50 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஒரு தலைநகரின் விலை 50 டாலர்! அதற்கு அவ்வளவு பணமா என்று, விற்றவர் வாங்கியவரை அறிவிலியாகக் கருதினாராம்.

ஸ்டீபன்ஸ் 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில் அந்தக் கற்களைப் பல இடங்களில் சிலைகள், வழிபடும் உருவங்கள் என்றே குறித்தார். நாம் சிறுவனுக்குச் சொன்ன விடையும் அதுவே. எனினும் நம்மிடம் இல்லாத ஒரு தயக்கம் அவரிடம் இருந்தது. அந்த மக்களின் வரலாறு அந்தக் கற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றும், அதைப் படிக்க ஒருவர் வரவேண்டும் என்றும் அவர் எண்ணினார்.

படிக்க வெகுகாலம் ஆயிற்று. முதலில் கோடுகளும் புள்ளிகளுமாக இருந்த எண்களும் நாட்கணக்கும் பிடிபட்டன. மற்ற எழுத்துகள் விளங்காமையால், இக்கற்கள் காலத்தையும் தெய்வங்களையும் தவிர வேறெதையும் பேசவில்லை என்று பேரறிஞர்களும் உறுதிபடச் சொல்லிவந்தனர். கோப்பானில் ஒரு சதுரமான கல்பீடம் இருக்கிறது. அதன் நான்கு பக்கங்களிலும், பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு பேர் அமர்ந்திருக்கின்றனர். வானநூல் வல்லார் ஒன்றுகூடி நாட்காட்டியைத் திருத்திய மாநாட்டின் காட்சி அது என்றுகூட விளக்கம் தந்தனர். எழுத்தைப் படிக்க இயலாதபோது மனிதர் தம் கற்பனையைப் படிக்கின்றனர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

1960ஆம் ஆண்டில் தாத்தியானா புரோஸ்கூரியாக்கோவ் என்னும் பெண்மணி ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். பியெத்ராஸ் நெக்ராஸ் என்னும் நகரின் கற்களை வரிசைப்படுத்திப் பார்த்த அவர், ஒவ்வொரு வரிசையிலுமுள்ள நாட்கள் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதைக் கண்டார். ஒரு நாள் பிறந்த நாள். இன்னொன்று பட்டமேற்ற நாள். நீண்ட அங்கியணிந்த பூசாரிகள் என்று கருதப்பட்டவர்களில் பலர் அரசகுலப் பெண்கள். கல்லில் நின்றவர்கள் அரசர்கள் என்பது அவரது முடிவு. இன்று அந்த எழுத்துகளில் பெரும்பகுதி படிக்கப்பட்டுவிட்டது. கோப்பான் கல்பீடத்தில் அமர்ந்திருக்கும் பதினாறு பேர் அந்நகரை வரிசையாக ஆண்ட பதினாறு அரசர்கள். கி.பி. 426இல் ஆட்சியை நிறுவிய முதலாமவன், 776இல் பீடத்தை அமைத்த பதினாறாமவனுக்கு ஆட்சியின் சின்னத்தைத் தருகிறான்.

அந்த அரசர்கள் தெய்வங்களின் முகமூடியை அணிந்தே கல்லில் நிற்கின்றனர். கற்களின் முன் காணிக்கைகளும் வைக்கப்பட்டன. இதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அக்கற்கள் உரக்கச் சொல்லும் செய்தி, “நான் பிறந்தேன், நான் முடிசூடினேன், நான் வென்றேன், என் பெயரை மறவாதீர்” என்பதே.

அன்பர்களே! இங்கேதான் நம் நெஞ்சு திடுக்கிட்டது. கல்லிலிருப்பது சிலை என்னும்வரை நாம் கவலையின்றி இருந்தோம். சிலை வணக்கம் நம்மிடம் இல்லை என்ற நிம்மதி நமக்கு இருந்தது. கல்லிலிருப்பது பெயருக்கான ஆசை என்று தெரிந்தபின் அந்த நிம்மதி எங்கே போயிற்று?

அந்தப் பெயராசையின் கதையைச் சிறிது கேட்பீராக. கோப்பானின் பதின்மூன்றாம் அரசன் கி.பி. 695இல் பட்டமேற்றான். வஷக்லாஹூன் உபாஹ் கவீல் என்பது அவன் பெயர். அந்நகரின் பெருமுற்றத்திலுள்ள அழகிய நெடுங்கற்களில் பெரும்பாலானவை அவன் நாட்டியவை. எல்லாம் அவனையே காட்டுபவை. அங்கிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய குவாத்தமாலாவில், கிரிகுவா என்னும் சிற்றூர் அவனுக்கு அடங்கியிருந்தது. அவ்வூர்த் தலைவன் பட்டத்துக்கு வந்ததே கோப்பான் அரசனின் மேற்பார்வையில்தான். அதே தலைவன் 738ஆம் ஆண்டில் தன் மேலரசனைப் பிடித்து அவன் தலையைக் கொய்தான். வென்றவன் தன் ஊரில் தோற்றவனின் கற்களைவிட உயர்ந்த கற்களை நாட்டினான். 771இல் அவன் நிறுத்திய ஒரு கல், மண்ணுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து 10 மீட்டருக்கும் அதிகமான நீளமுடையது. ஏறத்தாழ 60 டன் எடையுள்ளது. மாயா மக்கள் நாட்டிய கற்களில் அதற்கு மிஞ்சிய உயரம் வேறில்லை. தோற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. கோப்பானின் பிற்கால அரசர்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் பொறித்த ஒரு மாபெரும் படிக்கட்டைக் கட்டி முடித்து, தம் முன்னோன் போரில் மாண்டதாக அதில் எழுதிவைத்தனர்.

முடிவு என்ன? கிரிகுவாவில் கடைசியாக நாள் பொறித்தது 810இல். கோப்பானில் 822ஆம் ஆண்டைக் குறித்து ஒரு கல்பீடம் தொடங்கப்பட்டது. அதன் ஒரு பக்கம் செதுக்கி முடிந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில் வேலை தொடங்கியிருக்கிறது. மற்றப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. சிற்பி உளியைக் கீழே வைத்தான், பிறகு எடுக்கவில்லை. 909ஆம் ஆண்டுக்குப் பின் அந்த நீள்கணக்கு முறையில் நாள் குறித்த கல் எந்த நகரிலும் இல்லை. ஓயாத போர்கள், காடழிந்து களைத்துப்போன நிலம், ஏரிப்படுகைகளின் வண்டல் காட்டும் கடும் வறட்சிகள் என்று அறிஞர்கள் பல காரணங்களைச் சொல்கின்றனர். வென்றவன் கல்லையும் தோற்றவன் கல்லையும் ஒரே காடு ஒன்றுபோல் மூடியது. படிக்கட்டும் சரிந்தது. பிற்காலத்தில் அதை எடுத்துக் கட்டியவர்களுக்கு எழுத்தைப் படிக்கத் தெரியாமையால், பல கற்களை வரிசை மாற்றி அடுக்கிவிட்டனர். எவர் பெயரும் மறக்கப்படக் கூடாது என்று எழுதிய சொற்கள் முன்பின்னாகக் கலைந்து நிற்கின்றன.

இப்பொழுது வாசகர்களை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கு வழிகாட்டுபவரும் அதே ஓவியர் கேதர்வுட்தான். கோப்பானுக்குப் போவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1833இல், அவர் பைத்துல் முகத்தஸில் இருந்தார். முஸ்லிமல்லாதார் உள்ளே நுழைய இயலாத ஹரம் ஷரீபினுள், எகிப்திய அதிகாரியின் உடையில் சென்று, குப்பத்துஸ் ஸக்ராவை வரையலானார். கூடியிருந்தோர் ஐயுற்றுச் சூழ்ந்துகொண்டனர். அந்நேரம் அங்கு வந்த ஆளுநர், பழுதுபார்க்கும் வேலைக்காகப் பாஷாவே இவரை அனுப்பியிருப்பதாகக் கருதிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். அதன்பின் ஆறு வாரங்கள் அந்தப் புனிதக் கட்டடத்தை அளந்தும் வரைந்தும் எடுத்தார். கோப்பான் அரசர்களின் கற்களை எழுதிய கையும் குப்பத்துஸ் ஸக்ராவின் வளைவுகளை எழுதிய கையும் ஒன்றே!

குப்பத்துஸ் ஸக்ரா கலீபா அப்துல் மலிக்கால் ஹிஜ்ரி 72இல், அதாவது கி.பி. 691-692இல், கட்டப்பட்டது. கோப்பானில் பதின்மூன்றாம் அரசன் பட்டமேற்றபோது இதே அப்துல் மலிக்தான் டமாஸ்கஸில் ஆண்டுகொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தின் உள்ளே வண்ணச் சில்லுகளால் எழுதப்பட்ட நீண்ட வாசகம் ஒன்று உண்டு. கட்டியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்று நாம் காண்பது அப்பாஸியக் கலீபா மாமூனின் பெயர். மாமூன் ஆண்டது கி.பி. 813 முதல் 833 வரை. கோப்பானில் சிற்பி உளியைக் கீழே வைத்ததும் அந்தக் காலத்தில்தான். முன்னவர் பெயரை எடுத்துவிட்டுத் தம் கலீபாவின் பெயரைப் பதித்தவர்கள், ஆண்டை மாற்ற மறந்தனர். ஹிஜ்ரி 72 என்ற எண் இன்றும் அங்கே இருந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏக இறைவனின் புகழ் எழுதப்பட்ட சுவரிலேயே மனிதனின் பெயராசை புகுந்து விளையாடியிருக்கிறது என்றால், காட்டுக்குள் இருந்த அரசர்களை மட்டும் நாம் எப்படிப் பழிப்பது?

கலீபாக்கள் வரை போவானேன்? நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் மின்விசிறியின் இறக்கைகளை அண்ணாந்து பார்த்தால் போதாதா? அதை வாங்கிக் கொடுத்தவரின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. விசிறி நின்றால்தான் படிக்க முடியும். ஆனாலும் எழுதாமல் விடுவதில்லை. இதை எழுதும் நாமும், நம் பெயர் அச்சில் வரும் மாதத்தில் இதழை இருமுறை புரட்டிப் பார்ப்பதுண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக!

ஆக, சிலை என்று நாம் சொன்னது அறியாமல் சொன்னது. அழித்துவிட்டான் என்று சொன்னோமே, அதன் நிலை என்ன?

அந்த மக்களைப் பற்றி நமக்கு முன்பே ஐயமின்றித் தீர்ப்புச் சொன்ன ஒருவர் இருந்தார். தியேகோ தே லாந்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார் 1562ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், யுகாத்தானிலுள்ள மானி என்னும் ஊரில், மாயா மக்களின் உருவங்களையும் ஏடுகளையும் குவித்துத் தீயிட்டார். பொய்யும் ஷைத்தானின் வேலையும் தவிர அவற்றில் வேறில்லை என்பது அவர் தீர்ப்பு. மாயா மக்களின் பழைய ஏடுகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. வியப்பு என்னவென்றால், அதே லாந்தா பின்னர் எழுதிய குறிப்பில், மாயா எழுத்துகள் சிலவற்றையும் அவற்றின் ஒலிகளையும் பதிந்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பைத் துணையாகக் கொண்டுதான் 1952இல் யூரி குனோரோசோவ் என்னும் ருஷ்ய அறிஞர், அவ்வெழுத்துகள் ஒலியைக் குறிப்பவை என்று காட்டினார். எரித்தவர் கையெழுத்தே எரியாமல் தப்பிய கற்களைப் பேசவைத்தது. இறைவனின் ஏற்பாட்டை யார் அறிவார்?

லாந்தாவின் செயலைப் படிக்கும்போது நமக்குக் கிரானடா நினைவுக்கு வருகிறது. லாந்தா சேர்ந்திருந்த அதே பிரான்சிஸ்கன் துறவியர் சபையைச் சேர்ந்த சிஸ்னெரோஸ் என்பவர், அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்நகரின் சதுக்கத்தில் நம் அரபு நூல்களைக் குவித்து எரித்தார். மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. அந்தத் தீயை எண்ணி இன்றும் நாம் பெருமூச்சு விடுகிறோம். மானியின் தீக்கு நமக்குப் பெருமூச்சு வருகிறதா? வரவில்லையென்றால், நாம் வருந்துவது நூல்கள் எரிந்ததற்கா, நம்முடையவை எரிந்ததற்கா? இந்தக் கேள்வியை வாசகர்கள் தம் நெஞ்சிடமே கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் எனத் திருமறை பல இடங்களில் ஏவுகிறதே. அழிந்தவர்களைப் பார்த்து அழிவின் காரணத்தைச் சொன்னால் அதில் என்ன தவறு என்று நம் ஆலிம்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நாமும் அதை எண்ணிப் பார்த்தோம்.

ஆது, ஸமூது கூட்டத்தாரின் அழிவுக்குக் காரணம் நாம் ஆராய்ந்து கண்டதன்று, அல்லாஹ்வே அறிவித்தது. அதை நம்புவது நம் கடமை. அவன் அறிவிக்காத ஒரு கூட்டத்தைப் பற்றி அதே தீர்ப்பைக் கூறுவது, அவன் பேசாத இடத்தில் அவன் பெயரால் பேசுவதாகும். எச்சரிப்பவர் வராத சமூகம் எதுவுமில்லை என்றும், தூதர்களில் சிலருடைய வரலாறு நமக்குச் சொல்லப்படவில்லை என்றும் திருமறை கூறுகிறது. தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்றும் அது கூறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரையே கேள்வியுறாத மக்கள் மன்னிப்புக்கு உரியவர்கள் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தெளிவான கருத்து. கடலுக்கு அப்பாலிருந்த அக்காட்டு மக்களுக்கு எந்தச் செய்தி எப்படிச் சென்றது, அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பது நம் ஏட்டில் இல்லை. முன்சென்ற சமூகத்தின் செயலுக்கு அவர்களே பொறுப்பு, அவர்கள் செய்ததைப் பற்றி உங்களிடம் கேட்கப்படமாட்டாது என்ற கருத்தை, ஸூரத்துல் பகராவில் நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்!

அது மட்டுமன்று. இறைவனால் அழிக்கப்பட்டவர்கள் என்று உறுதியாகத் தெரிந்த இடத்திலும் நாம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்மாதிரி இருக்கிறது. தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, அழுதவர்களாக அன்றி அவ்விடங்களில் நுழைய வேண்டாம் என்றும், அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்துவிடும் என்று அஞ்சுங்கள் என்றும் ஸஹாபிகளை அவர்கள் எச்சரித்தார்கள். தம் தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்து கடந்தார்கள். அந்த எச்சரிக்கையில் விரல் சுட்டுவது எவரை நோக்கி? மாண்டவர்களை நோக்கியன்று, பார்க்க வந்தவர்களை நோக்கியே.

நம் முன்னோரான அறிஞர்கள் இந்த ஒழுக்கத்தை அறிந்திருந்தனர். கி.பி. 1162இல் பிறந்து 1231இல் மறைந்த மருத்துவ மேதை அப்துல் லத்தீப் அல்பக்தாதி, எகிப்தைப் பற்றித் தாம் எழுதிய நூலின் பெயரிலேயே ‘இஃதிபார்’, அதாவது படிப்பினை பெறுதல், என்ற சொல்லை வைத்தார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் மகன் சுல்தான் அல்அஸீஸ், அறிவற்றோர் சொல்லைக் கேட்டுச் சிறிய பிரமிடை இடிக்கத் தொடங்கிய கதையை அவர் எழுதுகிறார். எட்டு மாதங்கள் பணமும் ஆளும் செலவிட்டு நாளொன்றுக்கு ஓரிரு கற்களைப் பெயர்த்ததோடு அந்த வேலை கைவிடப்பட்டது. முற்கால மன்னர்கள், தமக்குப் பகையான மக்கள் கட்டியவையாயினும் பழஞ்சின்னங்களைக் காத்துவந்தார்கள். ஏனெனில் அவை காலத்துக்கும் இறைவேதங்களின் செய்திகளுக்கும் சாட்சிகள். கட்டியவர்களின் அறிவையும் வாழ்வையும் நமக்குத் தெரிவிப்பவை என்பது அவர் கருத்து. முதலில் காப்பாற்று, பிறகு அறிந்துகொள், அதன்பின் படிப்பினை பெறு என்ற வரிசை அவரிடம் இருக்கிறது. நாம் அந்தச் சிறுவனுக்குச் சொன்ன விடையில் முதலிரண்டும் இல்லாமல் மூன்றாவது வந்துவிட்டது.

அறியாமல் சொன்ன தீர்ப்பில் இன்னொரு தீங்கும் உண்டு. அழிந்துவிட்டார்கள் என்றோமே, அவர்கள் அழியவே இல்லை! அரசர்கள் போனார்கள், நகரங்கள் கலைந்தன, மக்கள் இருக்கிறார்கள். குவாத்தமாலாவில் 2018ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பின்படி, 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை மாயா மக்கள் என்று பதிந்துகொண்டனர். தங்கள் பழைய மொழிகளை அவர்களில் பெருந்தொகையினர் இன்றும் பேசுகின்றனர், சோளம் விதைக்கின்றனர், சந்தைக்குப் போகின்றனர். 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில் 2,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போயினர் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள் என்றும், உண்மையறியும் ஆணையம் 1999இல் அறிவித்தது. அதே ஆண்டுகளில்தான் உலகெங்குமிருந்து பயணிகள் வந்து அவர்கள் முன்னோரின் கற்களைக் கண்டு வியந்து சென்றனர். அதே ஆண்டுகளில்தான் திருடர்கள் அக்கற்களின் முகத்தை வாளால் அறுத்தெடுத்து, செல்வர்களின் மாளிகைகளுக்கு விற்றனர். கல்லுக்கு விலை இருந்தது. கல்லைச் செதுக்கியவனின் பேரனுக்கு இல்லை. ஒரு கூட்டம் அழிந்தேவிட்டது என்று உலகம் நம்பிவிட்டால், அதில் எஞ்சியிருப்பவன் கதறுவது யார் காதிலும் விழாது. மார்க்கத்தின் பெயரால் நாமும் அந்த நம்பிக்கைக்கு ஒரு செங்கல் எடுத்து வைத்துவிட்டோமே என்ற வேதனை நமக்குண்டு.

சில நாட்கள் கழித்து அந்தச் சிறுவனை மீண்டும் அழைத்தோம். “அன்று நாம் சொன்ன விடை தவறு. அந்த மக்களுக்கு எந்த நபி வந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது, அல்லாஹ் அறிவான்” என்றோம். ஹஜ்ரத் ஒருவர் தெரியாது என்று சொன்னது அவனுக்குப் புதுமையாக இருந்தது போலும், விழித்துப் பார்த்தான். அவன் புத்தகத்தை வாங்கி, அந்தப் படத்திலிருப்பவன் ஓர் அரசன் என்பதையும், அவன் தலை போன கதையையும், வென்றவனின் கல்லையும் காடு மூடிய கதையையும் சொன்னோம். அந்த மக்களின் பிள்ளைகள் இன்றும் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றபோது அவன் முகம் மலர்ந்தது.

“அப்படியென்றால் இந்தப் படத்தைப் பார்த்து நாம் என்ன ஓத வேண்டும், ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

ஹிஜ்ரைக் கடந்த பெருமானாரின் பயணத்தை அவனுக்குச் சொல்லி, “நமக்காக அஞ்சி இஸ்திக்ஃபார் ஓது” என்றோம். அவன் அங்கேயே, நம் முன்பாகவே, மெல்லிய குரலில் ஓதினான். நாமும் அவனோடு சேர்ந்து ஓதினோம்.

அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்ளும் துணிவையும், பிறர் முடிவைக் கண்டு நம் கணக்கைப் பார்க்கும் அச்சத்தையும், வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.